நோய் நீங்கிய பின்னர்

சென்ற கோடை விடுமுறையில் நான் ஊருக்குச் சென்றிருந்தேன். கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் எங்களுடையது. ஒருநாள் காலையில் என் பெரியப்பா திண்ணையிலிருந்து இறங்கிக் கொல்லைப்புறம் சென்று திரும்பினார். சென்றபோது இரு கால்களிலும் செருப்பு இருந்தது. திரும்பியபோது ஒரு காலில் இல்லை. அது நழுவியதை அவர் அறியவேயில்லை. நான் சுட்டிக் காட்டிய பின்னரே குனிந்து பார்த்தார். “கால் மரத்துக் கிடக்குது தம்பி. வயசாச்சு இல்லையா?” என்று சொல்லிச் சிரித்தார். சட்டைப் பொத்தானை மாட்டிக்கொள்வதற்கும் பெரியம்மாவின் துணை வேண்டியிருந்தது. அவருக்கு வயது 62. எங்கள் ஊரில் அந்த வயதினர் இன்னும் தாமே வரப்பில் நடந்து வயல் பார்க்கின்றனர்.

ஐந்தாண்டுகளுக்கு முன் அவருக்கு இரைப்பையில் புற்றுநோய் கண்டது. சென்னையில் முதலில் மருந்து ஏற்றினார்கள். பின்னர் அறுவை செய்து இரைப்பையை முழுவதுமாக அகற்றினார்கள். மீண்டும் மருந்து ஏற்றினார்கள். பாதி உடம்பாக ஊர் திரும்பினார். ஆயினும் உயிரோடு திரும்பினார். குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டோம். ஓராண்டுக் காலம் சொன்ன தேதிகளில் சென்று மருத்துவரைக் கண்டு வந்தார். ஒருமுறை, “இப்போது நோயின் அறிகுறி ஏதும் இல்லை” என்று மருத்துவர் கூறினார். அந்த ‘இப்போது’ என்னும் சொல்லை வழியிலேயே எங்கோ தவறவிட்டுவிட்டு எஞ்சியதை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்தார் பெரியப்பா. அதன் பிறகு செல்லவில்லை.

அவரைக் குறை கூற என் மனம் ஒப்பவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பெயர் அழைக்கப்படும் வரை உட்கார்ந்திருந்த அந்த நாட்களை மறந்துவிட வேண்டும் என்றே எவரும் விரும்புவர். போகாவிட்டால் நோய் இல்லை. போனால் ஏதேனும் சொல்லிவிடுவார்கள். இந்த எண்ணத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வீட்டில் உள்ள நாங்கள் எல்லோரும் அதே எண்ணத்தோடுதான் இருந்தோம்.

நான் மருத்துவம் பயில்பவன் அல்லன். டில்லியில் உயிர்வேதியியல் பயில்பவன். பி-12 என்னும் வைட்டமினின் அமைப்பைத் தேர்வுத்தாளில் வரைந்து நல்ல மதிப்பெண் பெற்றவன். அந்த வைட்டமின் குன்றினால் கைகால் மரத்துப் போகும் என்றும் அதே விடைத்தாளில் எழுதியவன். எழுதியவன்தான் திண்ணையில் அமர்ந்து பெரியப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. நம் சங்கத்து நண்பர்களுக்காக இக்கட்டுரையை எழுதத் துணிந்ததற்கு அந்த வெட்கமே காரணம்.

இரைப்பையை நாம் சோறு போடும் பை என்றே எண்ணியிருக்கிறோம். விடுதி உணவைப் பழித்துக்கொண்டே மும்முறை வாங்கி உண்ணும் நமக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. உண்மையில் அது ஒரு களஞ்சியமும் ஆகும், உரலும் ஆகும், வாயிற்காவலனும் ஆகும். ஒரு வேளை உணவைப் பெற்று வைத்துக்கொள்கிறது; அமிலத்தோடு சேர்த்து அரைக்கிறது; அரைத்ததைக் கீழ்வாயில் வழியாகச் சிறுகுடலுக்குச் சிறிது சிறிதாக அனுப்புகிறது. இரும்புச் சத்தை உடல் ஏற்கும் வடிவில் மாற்றித் தருவதற்கும் அந்த அமிலம் துணை செய்கிறது. இவையன்றி மற்றொரு செயலும் அதற்கு உண்டு. அது வெகு காலம் எவர்க்கும் தெரியாதிருந்தது.

இரைப்பைப் புற்றை அறுத்து நீக்கி நோயாளியைப் பிழைக்கச் செய்த முதல் வெற்றி, 1881-ஆம் ஆண்டு சனவரி 29-ஆம் நாள் வியன்னா நகரில் பில்ரோத் என்னும் அறுவை மருத்துவரால் கிட்டியது. நோயாளி 43 வயதுப் பெண். அவர் இரைப்பையின் ஒரு பகுதி மட்டும் அகற்றப்பட்டது. முழு இரைப்பையையும் அகற்றி உணவுக்குழலைச் சிறுகுடலோடு இணைத்த முதல் வெற்றி, 1897-இல் சூரிச் நகரில் ஷ்லாட்டர் என்பவரால் நிகழ்ந்தது. முன்னவர் சில திங்களிலும், பின்னவர் ஓராண்டுக்குச் சற்று மேலும் வாழ்ந்து, அதே நோய் திரும்ப மாண்டனர். அறுவை வென்றது; நோயும் வென்றது. அக்காலத்தில் ‘பின் கவனிப்பு’ என்ற ஒன்றைப் பற்றி எண்ணுவதற்கே இடமில்லை. இரைப்பை இல்லாதவர்க்கு நான்காம் ஆண்டில் என்ன நேரும் என்று அறிய வேண்டுமானால், முதலில் ஒருவர் நான்காண்டு வாழ வேண்டுமே!

இரைப்பையின் மறைந்த செயல் வேறொரு வாயில் வழியாக வெளிப்பட்டது. கடுஞ்சோகை என்றொரு நோய் இருந்தது. இரத்தம் வெளுத்து, நரம்பு தளர்ந்து, நோயாளி மெல்ல மெல்ல மாண்டுபோவார். ஏராளமான கல்லீரலை உண்ணக் கொடுத்தால் அவர்கள் பிழைக்கிறார்கள் என்று 1926-இல் கண்டனர். பாஸ்டன் நகரில் இருந்த காசில் என்னும் இளம் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: நல்ல உடல்நலம் உள்ளவன் நாள்தோறும் கல்லீரல் உண்ணாமலேயே நலமாக இருக்கிறானே, எப்படி? அவன் இரைப்பையில் இருக்கும் ஏதோ ஒன்று இந்நோயாளியிடம் இல்லையோ? (இனி வரும் இரண்டு வரிகளை உணவுக்குப் புறப்படும் நண்பர்கள் தாண்டிச் செல்லலாம்.) அவர் கொத்திய மாட்டிறைச்சியைத் தாமே உண்டார், ஒரு மணி நேரம் கழித்து அதை வெளியே எடுத்து, மேலும் பக்குவப்படுத்தி, குழாய் வழியாக நோயாளியின் வயிற்றில் செலுத்தினார். நோயாளியின் இரத்தம் ஊறத் தொடங்கியது. இறைச்சியை மட்டும் கொடுத்தபோது ஊறவில்லை. 1929-இல் இதனை அவர் வெளியிட்டார். உணவிலிருந்து வருவது ஒன்று, இரைப்பை சுரப்பது ஒன்று. இரண்டும் கூடினால்தான் பயன். உணவிலிருந்து வருவதே பி-12 என்பது 1948-இல் அது தனியே பிரித்தெடுக்கப்பட்டபோது தெளிவாயிற்று. அதன் சிக்கலான அமைப்பை எக்ஸ் கதிர் கொண்டு கண்ட டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார் 1964-இல் நோபெல் பரிசு பெற்றார். நான் தேர்வில் வரைந்த படம் அதுதான்.

ஆக, இரைப்பை முழுவதும் போனால் அந்தச் சுரப்பு போகிறது. சுரப்பு போனால், பாலிலும் தயிரிலும் முட்டையிலும் மீனிலும் எவ்வளவு பி-12 இருந்தாலும் உடல் அதனைச் சரிவர ஏற்காது. ஆனால் அன்றே தீங்கு தெரியாது. ஏனெனில் நம் கல்லீரல் ஒரு சிக்கனமான குடும்பத் தலைவி. அங்கே சில மில்லிகிராம் பி-12 சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. நமக்கு நாள் ஒன்றுக்கு வேண்டுவதோ ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். சேமிப்பு 3 மில்லிகிராம் என்று கொள்வோம். அதாவது 3000 மைக்ரோகிராம். வகுத்துப் பாருங்கள்: 1500 நாட்கள், நான்கு ஆண்டு! இது தோராயக் கணக்கே. பெரியப்பாவைப் போல மரக்கறி உணவே உண்பவர்க்குத் தொடக்கச் சேமிப்பே குறைவாயிருக்கும். அவர்க்கு அது விரைவிலும் தீர்ந்துவிடலாம்.

இந்தக் கணக்கில் உள்ள கொடுமையை நண்பர்கள் நோக்க வேண்டும். முதல் ஈராண்டில் நோயாளி அஞ்சி அஞ்சி மருத்துவமனைக்குச் செல்கிறார். அப்போது சேமிப்பு இருக்கிறது. அச்சம் தெளிந்து, எடை சற்றுத் தேறி, மகளுக்கு மணம் முடித்து, இனி எதற்கு என்று அவர் நின்றுவிடும் வேளையில் சேமிப்பு தீர்கிறது. புற்றுநோயில் மாண்டவர்க்கு இந்தக் குறை வருவதில்லை. குணமானவர்க்கே வருகிறது.

தடுப்பதோ மிக எளிது. 1000 மைக்ரோகிராம் பி-12 ஊசியை மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ, மருத்துவர் குறித்தபடி, வாழ்நாள் முழுவதும் போட்டுக்கொள்ள வேண்டும். ஊசிக்கு அஞ்சுவோர்க்குப் பேரளவு மாத்திரையும் உண்டு. சுரப்பின் துணையின்றியே நூற்றில் ஒரு பங்கு தானாகக் குடலில் ஊடுருவும். 1000 மைக்ரோகிராமில் நூற்றில் ஒன்று 10 ஆயிற்றே, அது போதும்.

பெரியப்பாவின் செய்தியில் வேறொரு சிக்கலும் இருந்தது. அவருக்கு ஏற்றிய மருந்துகளுள் ஆக்ஸாலிபிளாட்டின் ஒன்று. அதுவும் கைகால்களை மரக்கச் செய்யும். மருந்து ஏற்றிய காலத்தில் அவருக்கு விரல் நுனி மரத்தது உண்மை. அது பெரும்பாலும் தணிந்தும் போயிற்று. ஆகவே மீண்டும் மரத்தபோது, “அந்த மருந்தின் மிச்சம்தான்” என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். கடைத்தெருவிலிருந்து ஏதோ சத்து மாத்திரையும் வாங்கி உண்டார். ஃபோலிக் அமிலம் கலந்த மாத்திரை இவ்விடத்தில் ஒரு நயவஞ்சகம் செய்யும். சோகையை மட்டும் சற்றுத் தேற்றி முகத்தை மலர்த்திக் காட்டும். நரம்பின் கேட்டைத் தடுக்காது. தணிந்த மரப்பு ஆண்டுகள் கழித்துப் புதிதாகத் தொடங்கினால் அது பழைய மருந்தின் வேலையாக இருப்பது அரிது என்பதை, தொடர்ந்து பார்த்து வரும் மருத்துவர் கணத்தில் சொல்லிவிடுவார். முதன்முறை பார்ப்பவர்க்கு அவ்வளவு எளிதன்று. சென்ற முறை எப்படி இருந்தது என்று தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதே தொடர் கவனிப்பின் பெரும்பகுதி என்று நான் கருதுகிறேன்.

உண்ணும் முறைக்கு வருவோம். வாயிற்காவலன் இல்லாத வீட்டில் உணவு கும்பலாக நுழைகிறது. இனிப்பு மிகுந்த உணவாயின் அது குடலுக்குள் நீரை ஈர்க்கிறது. உண்ட அரை மணிக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு முறுக்கும், தலை சுற்றும். இது முதல் வகை. இரண்டாம் வகை, ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். சர்க்கரை ஒரேயடியாக இரத்தத்தில் ஏறுகிறது. அதைக் கண்டு மிரண்ட உடல் இன்சுலினை அளவுக்கு மேல் சுரக்கிறது. உடனே சர்க்கரை தாழ்ந்து உடல் நடுங்கி மயக்கம் வருகிறது. பெரியப்பா ஒரு திருமணத்தில் இரண்டு குவளை பாயசம் அருந்திவிட்டுத் தாம்பூலம் வாங்கும் இடத்தில் சாய்ந்துவிட்டார். புற்று மூளைக்கு ஏறிவிட்டது என்று அழுதவர்களும் உண்டு. பாயசம் ஏறியிருந்தது, அவ்வளவே.

இதற்கும் வழி உண்டு. மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரித்துச் சிறிது சிறிதாக உண்பது; நன்றாக மெல்லுவது; உணவோடு நீர் பருகாமல் அரை மணி முன்னோ பின்னோ பருகுவது; சர்க்கரையைக் குறைத்துப் பருப்பு, முட்டை, தயிர் போன்றவற்றைக் கூட்டுவது; உண்டபின் சற்றுச் சாய்ந்திருப்பது. சொல்லுவது எளிது. நம் வீடுகளில் உபசாரம் என்பது இலையில் மேன்மேலும் இடுவதுதானே! “இளைத்துப் போய்விட்டாரே” என்று அன்பினால் பெரியம்மா இட்ட நான்காவது இட்டலியே அவருக்குப் பகையாயிற்று. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியே பேசுகிறது என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நாங்கள் எவரும் அப்போது நினைக்கவில்லை. இவ்வளவையும் ஒருநாளில் கற்றுவிட முடியாது. எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதிவைத்துக்கொண்டு உணவியல் அறிந்தவரைப் பலமுறை கண்டு திருத்தித் திருத்தித்தான் கற்க வேண்டும்.

எடை, இரும்புச் சத்து, வைட்டமின் டி, சுண்ணாம்புச் சத்து ஆகியவற்றையும் அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும். இரைப்பை இழந்தவரின் எலும்பு ஆண்டுகள் செல்லச் செல்ல மெலியக்கூடும். பித்தப்பையில் கல் தோன்றுவதும் அவர்களிடம் மிகுதி. மண்ணீரலையும் சேர்த்து அகற்றியிருந்தால் சில தடுப்பூசிகள் இன்றியமையாதவை.

இனி எல்லோரும் அஞ்சும் கேள்வி: நோய் திரும்புமா? திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்புகிறது. அதனால்தான் முதலிரண்டு ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் வரச் சொல்வது பொதுவான வழக்கம். இரைப்பையின் ஒரு பகுதியை மட்டும் அகற்றியவர்க்கு எஞ்சிய பகுதியில் புதிய புற்று தோன்றவும் கூடுமாதலால் உள்நோக்கிக் குழாய் வைத்துப் பார்ப்பது அவர்க்கு மிகவும் தேவை.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூறிவிட வேண்டும். எந்தத் துன்பமும் இல்லாதவரை அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதால் இரைப்பைப் புற்றில் ஆயுள் நீளுகிறது என்பது இன்றுவரை உறுதியாக மெய்ப்பிக்கப்படவில்லை. சிலர் இதைக் கேட்டு, “அப்படியானால் போய் என்ன பயன்?” என்கின்றனர். என் பெரியப்பாவும் சற்றேறக்குறைய அப்படித்தான் எண்ணினார். தொடர் கவனிப்பு என்றால் ஒளிந்திருக்கும் புற்றைத் தேடுவது மட்டுமே என்று கொண்டதால் வந்த பிழை இது. தேடுதலின் பயன் ஐயத்துக்குரியதாக இருக்கலாம்; ஊசியின் பயனில் ஐயம் ஒன்றும் இல்லை. விழுங்க முடியாமை, காரணமின்றி எடை குறைதல், நீங்காத வாந்தி, வயிறு உப்புதல் ஆகியவை தோன்றினால் அடுத்த தேதி வரை காத்திராமல் உடனே செல்ல வேண்டும் என்று சொல்லித் தருவதும் அந்தக் கவனிப்பில் அடங்கும்.

அந்த அறைக்குள் நோயாளியின் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி காத்திருக்கிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி இரைப்பையில் நெடுங்காலம் தங்கிப் புற்றுக்கு வழிகோலும். அதைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர்களான வாரனும் மார்ஷலும் 2005-இல் நோபெல் பரிசு பெற்றனர். இந்நோய் கண்டவரின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரிடம் அக்கிருமி இருந்து, அதை மருந்தால் ஒழித்தால், அவர்களுக்குப் புற்று வரும் வாய்ப்புக் குறைகிறது என்று 2020-இல் வெளிவந்த கொரிய நாட்டு ஆய்வு காட்டியது. என் அண்ணன் சோதித்துக்கொண்டார், கிருமி இருந்தது, இரண்டு வாரம் மாத்திரை உண்டார். பெரியப்பாவை மறுபடியும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றிராவிட்டால் இதைப் பற்றி எங்களுக்கு எவர் கூறியிருப்பார்?

மறுபடியும் அழைத்துச் சென்றது எவ்வாறு என்று கூறவில்லையே. செருப்பு நழுவிய அன்று மாலை, பழைய பத்திரங்கள் இருக்கும் டிரங்குப் பெட்டியிலிருந்து வேறேதோ எடுக்கும்போது மருத்துவமனைக் கோப்பு கையில் அகப்பட்டது. வீடு திரும்பிய நாளில் கொடுத்த சீட்டின் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில், மருத்துவர்க்கே உரிய சுருக்கெழுத்தில், ஒரே வரி: பி-12 ஊசி, ஆயுள் முழுவதும். முதல் ஓராண்டு சென்றபோதெல்லாம் போட்டுக்கொண்டிருந்த ஊசி அதுதான். மருத்துவமனைக்குச் செல்வது நின்றதும் ஊசியும் நின்றது. அது தனி, இது தனி என்று எவருக்கும் தெரியவில்லை. அன்றுதான் எனக்குத் தேர்வுத்தாள் நினைவுக்கு வந்தது. மறுநாளே கும்பகோணத்தில் இரத்தம் எடுத்தோம். பி-12 மிகமிகக் குறைந்திருந்தது.

நண்பர்களே, நம்மிற் பலர்க்கு ஊரில் ஒரு பெரியப்பாவோ அத்தையோ இருப்பார். அந்த வீட்டில் அச்சீட்டைப் படிக்கத்தக்கவர் டில்லியில் இருக்கும் நீங்களாகவே இருக்கலாம். கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியையும் தமிழில் எழுதித் திருப்பி அனுப்புங்கள். புரியாத வரியை ஊகிக்காமல் மருத்துவரைக் கேளுங்கள். பயணச் செலவை எண்ணித் தயங்குவோர்க்கு இதையும் சொல்லுங்கள்: புற்றுநோயாளிகட்கு இரயில்வே அளிக்கும் கட்டணச் சலுகை சிகிச்சைக்கு மட்டும் உரியதன்று, பின்னர்க் காலமுறைச் சோதனைக்குச் சென்றுவரவும் உண்டு. சாதாரணப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்பதன வகுப்பிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. உடன் செல்லும் ஒருவர்க்குக் கால் பங்குதான். மருத்துவமனையின் சான்று வேண்டும். அதற்கும் ஒருமுறை அங்கே போகத்தான் வேண்டும்.

பெரியப்பாவுக்கு முதலில் நெருக்கமாகச் சில ஊசிகள் போட்டார்கள். இப்போது மாதம் ஒன்று. நாட்காட்டியில் அந்தத் தேதிகளைப் பெரியம்மா சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். ஏகாதசியை அடுத்து அந்த வீட்டில் தவறாத நாள் அதுவே. நான்கு மாதத்தில் கை தெளிந்தது. பொத்தானைத் தாமே மாட்டிக்கொள்கிறார். கால் அவ்வளவாகத் தெளியவில்லை. நரம்பு நெடுநாள் பட்டினி கிடந்துவிட்டது, இனி முழுவதும் திரும்பும் என்று சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். தீபாவளிக்குச் சென்றிருந்தபோது அவர் கொல்லைக்குப் புறப்படுவதைப் பார்த்தேன். திண்ணைப் படியில் உட்கார்ந்து, குதிகாலுக்குப் பின்னே வார் வைத்த செருப்பை எடுத்து, அது சரியாக மாட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார்.